மாப்பிள்ளை பாஸாகும் வரை

ஒரு பெண் சட்டக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் போட வேண்டும்? பி.ஏ. முடிந்ததும் போட வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். கன்னிவாடிப் பக்கத்தில் பெருமாள்சாமி வீட்டில் அதற்கு வேறொரு விடை வைத்திருந்தார்கள். முறைமாப்பிள்ளை பி.ஏ. பாஸான பிறகு போட வேண்டும்.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் நடந்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்சாமிக்கும் சிவனம்மாளுக்கும் ஒரே மகள் கண்ணம்மாள். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்து, முதல் தடவையிலேயே பி.ஏ. தேறியவள். அவளுக்கு முறைமாப்பிள்ளை சோலைமலை, சிவனம்மாளின் அண்ணன் ஒச்சப்பனுடைய மகன். அவனும் பி.ஏ.தான் படித்தான். தமிழில் தேறினான், சரித்திரத்தில் தேறினான். இங்கிலீஷில் மட்டும் மார்ச் மாதம் ஒரு தடவையும் செப்டம்பர் மாதம் ஒரு தடவையும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தான்.

கட்டிக்கொள்ளப் போகிறவன் கீழே நிற்கும்போது பெண் மேலே மேலே படித்துக்கொண்டு போனால் அவனுக்குத் தலைகுனிவு என்றார் ஒச்சப்பன். போன வருஷம் சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தலில், சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்க, "சோலைமலை பாஸ் பண்ணட்டும். மறுநாளே கண்ணம்மா அப்ளிகேசன் போடட்டும். நானே மதராசுக்கு ரயிலேத்தி விடுறேன்" என்றார். "அப்படியே ஆகட்டும் மச்சான்" என்றார் பெருமாள்சாமி.

கண்ணம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அதே பந்தலில்தான், பெண்கள் பக்கம் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அன்று முதல் பி.ஏ. படித்த அந்தப் பெண், தக்காளித் தோட்டத்தில் கூடை சுமந்துகொண்டு, இன்னொருவனுக்கு இங்கிலீஷ் வருவதற்காகக் காத்திருந்தாள். சும்மாவும் காத்திருக்கவில்லை. பாடத்துக்குப் பாடம் சுருக்கமாகக் குறிப்பு எழுதி, கூடையோடு கூடையாக, அவன் இருக்கும் திண்டுக்கல்லுக்கு பஸ் மேல் ஏற்றி அனுப்பினாள். அவன் தேறினால்தானே இவளுக்கு வழி திறக்கும்.

சனிக்கிழமைப் பேப்பரில் ரிசல்ட் வந்தது. சோலைமலையின் நம்பர் அதில் இருந்தது.

சிவனம்மாள் அடுப்படியில் இருந்து ஓடி வந்து, பழநி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அண்ணன் மகன் தேறினால் கூந்தல் நுனியை வெட்டிப் பூமுடி கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகன் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று ஊரே மெச்சியிருந்தது. மகளுக்காகத்தான் வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்துக்கு வரச் சொல்லி அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். விடிந்ததும் சேவல் அறுத்தார்கள்.

*

கண்ணம்மாள் தன் விண்ணப்பத்தை ஏற்கெனவே மதராஸிலிருந்து தபாலில் வரவழைத்து வைத்திருந்தாள். போன வருஷமும் ஒன்று வரவழைத்தாள். அது பெட்டியிலேயே பழசாகிப் போனது. இந்த வருஷத்து விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டியதில் தகப்பனார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.

"அப்பா, மாமா சாப்பிட்டுப் போனதும் கையெழுத்துப் போட்டுருவீங்கல்ல?"

"போட்டுருவேன்த்தா. மச்சான் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்."

"போன வருசமே சொல்லிட்டாருல்லப்பா."

"சொன்னாரு. இன்னைக்கும் ஒருக்கா சொல்லிட்டா நல்லாருக்கும்."

பெருமாள்சாமி கெட்டவர் இல்லை. ஊரில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் தோட்டத்தில் விளைகிற கத்தரிக்காயும் தக்காளியும் திண்டுக்கல்லில் ஒச்சப்பனுடைய கமிஷன் கடைக்குத்தான் போகின்றன. மச்சான் இருமினால் இவருக்குத் தொண்டை அடைக்கும்.

இந்தப் பெண்ணுக்கு ஏன் சட்டத்தின் மேல் இத்தனை பிடிவாதம் என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். பி.ஏ. முடித்த கையோடு ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்து வரப்புத் தகராறில் அப்பா சாட்சி சொல்லப் போனபோது அவளும் துணைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அன்று சந்தையில் வெங்காயம் விற்கிற காதர் பீவியின் வழக்கும் வந்தது. கொழுந்தன் ஏதோ பத்திரத்தில் ரேகை வாங்கி வீட்டை எழுதிக்கொண்டான். கூண்டில் ஏறின காதர் பீவி, "என்ன பத்திரம்னு யாரும் வாசிச்சுச் சொல்லலீங்க" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல், "உனக்கு வாசிச்சா புரிஞ்சிருமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காதர் பீவியும், என்ன செய்வதென்று தெரியாமல், கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அவள் சிரித்ததைத்தான் கண்ணம்மாளால் தாங்க முடியவில்லை. அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு தான் நிற்க வேண்டும் என்று அன்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு ஆசை எதுவும் வரவில்லை.

*

ஒச்சப்பன் வெள்ளைச் சட்டையும் ஜரிகைத் துண்டுமாக வந்து இறங்கினார். கடையில் ஏலம் கூறிக் கூறி, வீட்டுக்குள்ளும் அவருக்கு அதே குரல்தான். பின்னால் சோலைமலை, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

ஆண்கள் மூவருக்கும் இலை போட்டார்கள். சிவனம்மாள் சோறு வைக்க, கண்ணம்மாள் வெஞ்சனம் பரிமாறினாள். ஒச்சப்பன் சேவல் குழம்பைப் பிசைந்து நாலு வாய் உண்டார். பிறகு நிமிர்ந்து பெருமாள்சாமியைப் பார்த்தார்.

"மாப்ள, ஒரு நல்ல சேதி. நம்ம சோலைமலைய வக்கீலுக்குப் படிக்க வைக்கப் போறேன். இந்த வருசமே."

கண்ணம்மாள் கையில் இருந்த கரண்டி நின்றது.

"என்ன மருமகளே, ஒனக்குச் சந்தோசந்தானே?"

"சந்தோசம் மாமா. நானும் இந்த வருசந்தான் போடுறேன். ரெண்டையும் ஒண்ணாவே அனுப்பிருவோம்."

ஒச்சப்பன் சிரித்தார். "ஒரே கிளாசுலயா? தாலி ஏறுறதுக்கு முந்தி ரெண்டு பேரும் ஒண்ணா மதராசுல கெடந்தா ஊரு என்ன பேசும்?"

"அப்ப நான் இந்த வருசம் போறேன். மச்சான் அடுத்த வருசம் வரட்டும்."

"அது எப்படித்தா? நீ சீனியரு, ஒம் புருசன் ஜூனியரா? கோர்ட்டுல ஒம் பின்னால கேஸ் கட்டுத் தூக்கிட்டு வரணுமா எம் மகன்?"

"அப்ப நான் எப்பத்தான் மாமா போடுறது?"

"அவசரப்படாத. அவன் படிச்சு முடிக்கட்டும். கோட்டப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நாள் கோர்ட்டுக்குப் போய் வரட்டும். அப்புறம் கலியாணம். அதுக்கு மேல நீ படிக்கிறதும் படிக்காததும் ஒம் புருசன் இஷ்டம்."

சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தார்.

பார்த்தீர்களா? போன வருஷம் பி.ஏ. என்றார். இந்த வருஷம் பி.எல். என்கிறார். அதுவும் முடிந்தால் கல்யாணம், அதற்குப் பிறகு பிள்ளைப்பேறு, அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பால்குடி மறக்கட்டும் என்பார். எல்லைக் கல்லை இரவில் திருட்டுத்தனமாக நகர்த்துகிறவன் மேல் வழக்குப் போடலாம். பட்டப்பகலில், அந்த வீட்டுச் சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு நகர்த்துகிறவரை என்ன செய்வது?

இதோடு விட்டாரா? இடது கையால் சட்டைப் பைக்குள் இருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தா, அப்ளிகேசன். அவனுக்கு இங்கிலீசுல எழுதத் தடுமாறும். நீயே நெரப்பிக் குடுத்துரு ஆத்தா. ஒங் கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்."

அதே கல்லூரி. அதே விண்ணப்பம். உள்ளே பெட்டியில் அவள் பெயரோடு இருப்பதற்கு இது உடன்பிறப்பு.

கண்ணம்மாளுக்குக் காது மடல் சிவந்தது. அழுகை வரும் என்று சிவனம்மாள் பயந்தாள். வரவில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பேனாவோடு வந்தாள். இலைகளுக்கு எதிரே, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"இப்பவே நெரப்பிருவோம் மாமா. நான் கேக்குறேன், மச்சான் பதில் சொல்லட்டும். இதுல பொய் எழுதக் கூடாது."

"சபாஷ்," என்றார் ஒச்சப்பன். மருமகள் பணிந்துவிட்டாள் என்று அவருக்கு மகிழ்ச்சி.

"பேரு?"

"சோலைமலை," என்றான் அவன், தெரியாதவளிடம் சொல்கிறவனைப் போல.

"தகப்பனார் பேரு ஒச்சப்பன். தொழில் காய்கறிக் கமிஷன். சரி. பி.ஏ.வுல இங்கிலீசு எந்த வருசம் தேறுனீங்க?"

"இந்த வருசம்."

"எதை வச்சுப் படிச்சுத் தேறுனீங்க?"

"இதெல்லாமா கேட்டிருக்கான் அதுல?" என்றார் ஒச்சப்பன்.

"இல்ல மாமா. இது நான் கேக்குறது. சொல்லுங்க மச்சான்."

சோலைமலை சோற்றை அளைந்தான். "நீ எழுதி அனுப்புனதத்தான் மனப்பாடம் பண்ணேன்."

"நான் எதுக்கு எழுதி அனுப்புனேன்னு தெரியுமா?"

"தெரியும். நான் பாஸ் பண்ணாத்தான் நீ மேல படிக்கப் போக முடியும்."

"வக்கீலுக்குப் படிக்கணும்னு ஆசைப்பட்டது நீங்களா?"

அவன் அப்பாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான்.

"இல்ல. எனக்கு ஒரு லாரி வாங்கணும். நம்ம கடைக் காயக் கொச்சிக்குக் கொண்டு போனா நல்ல வெல கெடைக்கும். நாலஞ்சு தடவ சொல்லிட்டேன், அப்பா காதுல வாங்கல. இந்த இங்கிலீசே எனக்குப் போதும்ப்பா. இனி ஒரு பரீட்சை எழுதுனா நான் கிறுக்குப் பிடிச்சுப் போயிருவேன்."

கண்ணம்மாள் பேனாவை மூடினாள். பாதி நிரப்பிய காகிதத்தை மாமாவின் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படிக்கிறவருக்கே வேணாமாம் மாமா. இனி இதுக்கு நான் காத்திருக்க வேண்டியதில்லையே?"

*

ஒச்சப்பன் முகம் மாறியது. ஏலத்தில் தன் ஆளே தனக்கு எதிராக விலை கேட்டுவிட்டால் அவர் முகம் அப்படித்தான் மாறும்.

"வாய மூடுறா," என்றார் மகனிடம். பிறகு பெருமாள்சாமி பக்கம் திரும்பினார். "சரி மாப்ள. அவன் படிக்க வேணாம். லாரிக்காரனாவே இருக்கட்டும். லாரிக்காரனுக்கு வக்கீல் பொண்டாட்டி எதுக்கு? வார ஆவணியில கலியாணத்த முடிச்சிருவோம். இவ படிச்சதும் போதும்."

அவன் படித்தாலும் இவள் போகக் கூடாது. படிக்காவிட்டாலும் போகக் கூடாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் தனக்கே ஜெயம் என்று காசு சுண்டுகிற இந்த நியாயத்தை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பெருமாள்சாமி தொண்டையைக் கனைத்தார். "கண்ணம்மா, மச்சான் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. ஒரு வருசம் பொறுத்தா என்னத்தா? பதட்டம் இல்லாம யோசிச்சு..."

"அப்பா, நேத்து ஒரு வியாபாரிக்குக் கத்தரிக்கா வெல பேசுனீங்க. இன்னைக்குக் காலைல வேற ஒருத்தர் வந்து கூடக் கேட்டாரு. என்ன சொன்னீங்க?"

"அது... பேசுனது பேசுனதுதான்னு சொன்னேன்."

"கத்தரிக்காய்க்கு அப்படிச் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன்ப்பா மாத்துறீங்க?"

"அது மச்சானுக்குக் குடுத்த வார்த்தைத்தா. அவரே மாத்திச் சொல்லும்போது..."

"அவருக்கா குடுத்தீங்க? அவரு என்னத்த எழந்தாரு? காத்திருந்தது நான். ஒவ்வொரு பரீட்சைக்கும் பேப்பர் எப்ப வரும்னு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னது நான். அந்த வார்த்தைய நம்புனவ நாந்தான்ப்பா. அப்ப அது எனக்குக் குடுத்தது. அத மாத்துறதுன்னா என்னையத்தான் கேக்கணும். நான் மாத்த விட மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் தகப்பனிடம் இப்படி அவள் இதுவரை பேசியதும் இல்லை. பெருமாள்சாமி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணம்மா சொல்றதுதான் நியாயம்," என்றான் சோலைமலை. "வேணும்னா எம் முறைய நான் விட்டுக் குடுத்துட்டேன்னு இப்பவே சொல்லிர்றேன் மாமா. அவ போகட்டும்."

உதவி என்று நினைத்துத்தான் சொன்னான். கண்ணம்மாள் அவனையும் விடவில்லை.

"விட்டுக் குடுக்குறதுக்கு நான் என்ன ஒங்க தோட்டத்து வரப்பா மச்சான்? நீங்க விட்டாலும் போவேன், விடாட்டியும் போவேன்."

"அதுவும் சரிதான்," என்று முனகிக்கொண்டான் சோலைமலை.

"போதும்," என்றார் ஒச்சப்பன். "பொம்பளப் புள்ளய இம்புட்டுப் பேச விட்டு நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க. இந்த வீட்டுல எனக்கு இனி சோறு எதுக்கு?"

இலையில் பாதிச் சோறு இருக்க, எழுந்து நின்றார்.

பிறந்த வீட்டு ஆண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனால், தங்கச்சிக்கு அதைவிடப் பெரிய அவமானம் இந்தப் பக்கத்தில் கிடையாது. போனவர் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் அந்த வாசல் மிதிக்க மாட்டார். இது ஒச்சப்பனுக்கு நன்றாகத் தெரியும். கண்ணம்மாளை மதுரைக்குப் படிக்க அனுப்பியபோதும் இப்படித்தான் எழுந்தார். சிவனம்மாள் அழுது, காலைப் பிடித்து உட்கார வைத்தாள். முறைமாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று அன்றைக்குத்தான் அவளிடம் உறுதி வாங்கினார். ஒவ்வொரு தடவை எழுந்து உட்கார்ந்தபோதும் அவருக்கு ஏதாவது ஒன்று கிடைத்தது.

"மச்சான், மச்சான், ஒக்காருங்க," என்று பெருமாள்சாமி பதறினார். "சிவனம்மா, சொல்லு."

சிவனம்மாள் அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் அண்ணனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முன்னால் வந்தாள்.

"எந்திரிச்சிட்டீங்களாண்ணே?"

"ஆமா. எந்திரிச்சிட்டேன்."

"அப்பக் கையக் கழுவிக்கங்க. வாசல்ல தண்ணி வச்சிருக்கேன்."

ஒச்சப்பனுக்குப் புரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவனம்மாள் குனிந்து, அவர் இலையை மடித்து எடுத்தாள். சோறும் சேவல் கறியும் உள்ளேயே இருந்தன. எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறம் போட்டுவிட்டு வந்து, இலை இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். சாப்பிட்டு முடித்த இடத்தைத் துடைப்பது போலத்தான் துடைத்தாள்.

"சிவனம்மா, நான் ஒங்கூடப் பொறந்தவன்," என்றார் ஒச்சப்பன். ஏலக் குரல் எங்கோ போய்விட்டது.

"தெரியும்ண்ணே. ஒங்க மகன் தேறணும்னு பழநியாண்டவன்கிட்டக் கேட்டேன். அவன் செஞ்சு குடுத்துட்டான். ஒங்ககிட்ட நான் கேட்டது நீங்க சொன்ன ஒரு வார்த்தயத்தான். அத ஒங்களால செய்ய முடியல. இனிமே ஒங்க காலப் பிடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் கை கழுவவும் இல்லை.

"ஏலே சோலைமலை, எந்திரிடா."

சோலைமலை எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்காமல், "அத்தை எனக்குன்னு ஆக்குனதுப்பா. சாப்பிட்டு வாரேன்," என்றான்.

"மாப்ள, நாளையில இருந்து ஒன் காய் எங் கடைப் படி ஏறாது. பாத்துக்க." அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

*

பெருமாள்சாமியின் விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தோட்டத்தில் பறிக்காத தக்காளி இருக்கிறது. திண்டுக்கல்லில் இன்னொரு கடைக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒச்சப்பனுக்குப் பயந்து யாரும் எடுக்காமலும் போகலாம். இதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. கண்ணம்மாளுக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் அவள் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெருமாள்சாமி எழுந்தார்.

"கையக் கழுவிட்டு வாரேன். ஒன் அப்ளிகேசன எடுத்து வை."

கண்ணம்மாள் கொண்டுவந்து வைத்தாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து மகளைப் பார்க்கக் கூச்சப்பட்டார்.

"முந்தியே போட்டிருக்கணும்த்தா," என்றார்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சிவனம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி சோலைமலைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சோலைமலை கை கழுவிவிட்டு வந்து விண்ணப்பத்தைக் குனிந்து பார்த்தான். இவ்வளவு நேரத்துக்குள் அவனுக்கும் அதில் ஓர் உரிமை வந்துவிட்டது.

"இதோட பி.ஏ. பட்டத்தையும் வச்சு அனுப்பணும்னு போட்டிருக்கே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விருந்து நல்லபடி முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணம்மாள் எண்ணியிருந்தாள்.

அந்தப் பட்டம் வந்த வாரமே, ஃபிரேம் போட்டுத் தருகிறேன் என்று ஒச்சப்பன் வாங்கிக்கொண்டு போனார். போட்டார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கமிஷன் கடையில், கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு முழம் பூ. "எங்க வீட்டுக்கு வரப்போற மருமக, பி.ஏ." என்று வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் காட்டுவார். பட்டம் வேண்டும், அதை வாங்கியவள் ஓர் அடி நகரக் கூடாது. இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

"கடைச் சாவி அப்பா மடியிலதான் இருக்கும்," என்றான் சோலைமலை. "அவரு தூங்குறப்ப எடுத்து நான் வேணா..."

"திருட்டுத்தனமா வேணாம் மச்சான். அதுல இருக்குறது எம் பேரு. நானே போய்க் கேக்குறேன்."

"நாளைக்குக் கடை நெறைய ஆளுக இருப்பாங்கத்தா," என்றார் பெருமாள்சாமி. "மச்சான் கோவத்துல அம்புட்டுப் பேரு முன்னால ஏதாச்சும் சொல்லிருவாரு."

"சொல்லட்டும்ப்பா. அம்புட்டுப் பேருக்கும் காட்டித்தானே மாட்டி வச்சிருக்காரு. எறக்கிக் குடுக்குறதையும் அவங்க பாக்கட்டும்."

"குடுக்காட்டி?"

சிவனம்மாள் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மொத பஸ்ஸுக்குக் கெளம்பிரு," என்றாள் மகளிடம். "கல்லாவுக்கு மேல கை எட்டாது. முக்காலியப் பிடிச்சுக்க நானும் வாரேன்."